மூன்று நாற்காலிகள்

2023 டிசம்பர் 14 அன்று பிரஸ்ஸல்ஸ் நகரில் ஒரு பிரதமர் காபி குடிக்கப் போனார். உக்ரைனை ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ப்பதற்கான பேச்சைத் தொடங்கலாமா என்று 27 நாட்டுத் தலைவர்களும் அன்று முடிவுசெய்ய வேண்டும். ஒருவர் முடியாது என்றாலும் கதை முடிந்தது. இந்த மாதிரி விஷயங்களில் எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் செல்லும். ஹங்கேரிப் பிரதமர் விக்டர் ஓர்பான் பல வாரங்களாகவே முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சு நகராமல் நின்ற கட்டத்தில் ஜெர்மன் சான்சலர் ஒலாஃப் ஷோல்ஸ், வெளியே போய் ஒரு காபி குடித்துவிட்டு வரலாமே என்றார். ஓர்பான் எழுந்து போனார். அவர் இல்லாத நேரத்தில் மீதி 26 பேரும் முடிவெடுத்துவிட்டார்கள். ஒருவர் விலகி நிற்பதால் ஒருமித்த முடிவு தடைபடாது என்று ஒப்பந்தத்திலேயே வழி வைத்திருக்கிறார்கள். சற்று நேரத்தில் ஓர்பானின் காணொளி ஃபேஸ்புக்கில் வந்தது: இது தவறான முடிவு, ஹங்கேரிக்கு இதில் பங்கில்லை.

அதே இரவு உக்ரைனுக்கான 5,000 கோடி யூரோ உதவித் திட்டத்தை அவர் தடுத்தார். அப்போது மட்டும் எங்கும் எழுந்து போகவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஹங்கேரிக்குத் தராமல் நிறுத்திவைத்திருந்த நிதியில் சுமார் 1,020 கோடி யூரோவை ஐரோப்பிய ஆணையம் அதற்கு முதல் நாள்தான் விடுவித்திருந்தது. நீதித்துறைச் சீர்திருத்தம் நடந்திருக்கிறது, அதனால் கொடுத்தோம், மறுநாள் கூட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பது ஆணையத்தின் விளக்கம். நம்புகிறவர்கள் நம்பலாம்.

தேசங்கடந்த ஆட்சி அமைப்புகள் பற்றிப் பேச்சு வந்தாலே ஒரு கேள்விதான் முன்னே வந்து நிற்கும். ஆட்சி யார் கையில்? மக்கள் தேர்ந்தெடுத்த தலைவரிடமா, தொலைவில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிகளிடமா? ஒரு கட்சி, பிரஸ்ஸல்ஸ் நாடுகளை விழுங்குகிறது என்கிறது. மறு கட்சி, நாடுகளின் பிடிவாதம் பிரஸ்ஸல்ஸை முடக்குகிறது என்கிறது. இரண்டு கட்சியுமே தேசத் தலைவரை வெளியில் நிறுத்திப் பார்க்கின்றன. காபி குடிக்கப் போனவர் வெளியாள் இல்லை. அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த 27 பேரில் ஒருவர். மேலே ஒரு கை, கீழே ஒரு கை என்று இரண்டு பக்கமும் பிடி வைத்திருப்பவர் அவர்தான். இந்த எழுபது ஆண்டுகளில் அதிகாரத்தை இழந்தது யார் என்று கேட்டால், தலைவர்கள் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல முடியாது. அந்த அறைக்குள் நுழையாதவர்கள் இழந்தார்கள். நுழைந்தும் கடன்காரராக உட்கார வேண்டியிருந்தவர்கள் இழந்தார்கள். இந்தப் பார்வையோடு வரலாற்றை ஒருமுறை திரும்ப நடந்து பார்க்கலாம்.

தொடக்கத்தில் தலைவர்கள் அறையிலேயே இல்லை என்பது வேடிக்கை. 1950 மே 9 அன்று பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் ராபர்ட் ஷூமான், பிரான்ஸும் ஜெர்மனியும் தங்கள் நிலக்கரியையும் எஃகையும் ஒரே பொது அதிகாரத்தின் கீழ் வைக்கலாம் என்று அறிவித்தார். அதை எழுதிக் கொடுத்தவர் ழான் மொன்னே. கோன்யாக் பிராந்தி வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். வாழ்நாளில் ஒரு தேர்தலிலும் நிற்காதவர். 1951இல் ஆறு நாடுகள் கையெழுத்திட்ட பாரிஸ் ஒப்பந்தத்தில் 'தேசங்கடந்த' என்ற சொல்லே எழுத்தில் இருந்தது. ஒன்பது பேர் கொண்ட உயர் அதிகாரக் குழு 1952 ஆகஸ்டில் லக்ஸம்பர்க்கில் வேலை தொடங்கியது, தலைவர் மொன்னே. ஆனால் 1957இல் ரோமில் பொருளாதார சமூகத்துக்கான ஒப்பந்தத்தை எழுதியபோது அந்தச் சொல்லைக் காணோம். நடுவில் ஐரோப்பியப் பொது ராணுவம் என்ற திட்டத்தை 1954இல் பிரெஞ்சு நாடாளுமன்றமே கவிழ்த்திருந்தது. பொருள் இருக்கட்டும், பெயர் வேண்டாம் என்ற எச்சரிக்கை வந்துவிட்டிருந்தது.

அமெரிக்க அறிஞர் எர்ன்ஸ்ட் ஹாஸ் 1958இல் வெளியிட்ட நூலில் ஒரு கணிப்பைச் சொன்னார். நிலக்கரியில் தொடங்கியது அங்கேயே நிற்காது, ஒரு துறை அடுத்த துறையை இழுத்து வரும், தொழிற்சங்கமும் முதலாளிகளும் மெல்ல மெல்லத் தங்கள் தலைநகரை விட்டுப் புதிய மையத்தை நோக்கித் திரும்புவார்கள் என்பது அவர் வாதம். அதில் தேசத் தலைவர் என்ற ஆசாமிக்குப் பெரிய இடமில்லை. ஏழே ஆண்டுகளில் அப்படி ஒருவர் வந்து மேசையைத் தட்டினார்.

முதல் நாற்காலி பிரெஞ்சு அதிபர் டி கோலுடையது. 1965இல் ஆணையத்தின் தலைவராக இருந்த ஜெர்மானியர் வால்டர் ஹால்ஷ்டைன், பிரான்ஸுக்கு மிகவும் வேண்டியிருந்த விவசாய நிதி ஏற்பாட்டோடு வேறு இரண்டு விஷயங்களையும் முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்தார். சுங்க வருமானம் நேராக ஐரோப்பிய சமூகத்தின் கைக்கு வர வேண்டும். அந்தப் பணத்தின் மேல் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் வேண்டும். இதை அரசுகளிடம் சொல்வதற்கு முன்பே நாடாளுமன்றத்தில் வெளியிட்டும்விட்டார். வெளிநாட்டுத் தூதர்களை ஒரு நாட்டின் அதிபரைப் போலச் சிவப்புக் கம்பளம் விரித்து அவர் வரவேற்பதும் டி கோலின் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது. ஜூன் 30 இரவு பேச்சு நீண்டது. அப்போதெல்லாம் காலக்கெடு முடிந்தால் கடிகாரத்தை நிறுத்திவிட்டதாகப் பாவனை செய்து பேசிக்கொண்டே போவது வழக்கம். கூட்டத்துக்குத் தலைமை வகித்த பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் கூவ் த முர்வில் அதிகாலை இரண்டு மணிவாக்கில் கூட்டம் முடிந்தது என்று அறிவித்தார். பாரிஸ் தன் நிரந்தரப் பிரதிநிதியைத் திரும்ப அழைத்துக்கொண்டது. அமைச்சர்கள் கூட்டங்களில் ஏழு மாதம் பிரான்ஸின் நாற்காலி காலி.

கம்பளமும் விவசாய நிதியும் பாதிக் காரணம்தான். 1966 ஜனவரி முதல் பல விஷயங்களைப் பெரும்பான்மை வாக்கில் முடிவுசெய்யலாம் என்று ரோம் ஒப்பந்தம் நாள் குறித்திருந்தது. அதாவது பிரான்ஸ் வேண்டாம் என்றாலும் நடக்கும். டி கோலுக்கு அது பொறுக்கவில்லை. ஆனால் அவர் தலைக்கு மேலும் ஒரு கூட்டம் இருந்தது: பிரெஞ்சு விவசாயிகள். பொதுச் சந்தையின் விலை ஆதரவை நம்பியிருந்த அவர்களுக்கு இந்த விளையாட்டு பிடிக்கவில்லை. அந்த டிசம்பரில் நடந்த அதிபர் தேர்தலின் முதல் சுற்றில் டி கோலுக்கு 44 சதவீதத்துக்குச் சற்று மேல்தான் கிடைத்தது. எதிர்த்து நின்ற மித்தராங் அவரை இரண்டாம் சுற்று வரை இழுத்தார். அடுத்த மாதமே பிரான்ஸ் திரும்பி வந்து உட்கார்ந்தது. பிரஸ்ஸல்ஸில் வேண்டாம், லக்ஸம்பர்க்கில் பேசுவோம் என்று இடத்தை மட்டும் மாற்றிக்கொண்டார்கள்.

லக்ஸம்பர்க் சமரசம் என்று பெயர் பெற்ற அந்தக் காகிதத்தை உடன்பாடு என்று சொல்வதே தாராளம். ஒரு நாட்டின் மிக முக்கிய நலன் சம்பந்தப்பட்டால் எல்லோரும் ஒத்துக்கொள்ளும் வரை பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது பிரான்ஸின் கருத்து. அந்தக் கருத்தில் எங்களுக்குள் வேறுபாடு உண்டு என்பது ஆறு பேரின் கருத்து. இவ்வளவுதான். சட்டமாக அதற்கு ஒரு மதிப்பும் கிடையாது. ஆனாலும் அடுத்த பதினைந்து இருபது ஆண்டுகள் அந்தக் காகிதம்தான் ஆண்டது. பெரும்பாலும் யாரும் வாக்கெடுப்பு கேட்கத் துணியவில்லை. ஹாஸும் தன் கணிப்பை டி கோல் பொய்யாக்கிவிட்டார் என்று பின்னர் ஒப்புக்கொண்டார். இதே சமயத்தில் ஸ்டான்லி ஹாஃப்மன் 1966இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, தேசிய அரசு செத்துவிட்டது என்று அவசரப்படாதீர்கள் என்றது. விலையிலும் வரியிலும் சேரலாம், உயிர்நிலையான விஷயங்களில் தலைவர்கள் விட்டுக்கொடுக்க மாட்டார்கள் என்றார் அவர்.

டி கோல் முன்வாசலைப் பூட்டிக்கொண்டிருந்த நாட்களில் பின்வாசல் திறந்தே கிடந்ததை அதிகம் பேர் கவனிக்கவில்லை. மிலான் நகரத்து வழக்கறிஞர் ஃபிளாமினியோ கோஸ்தா 1,925 லிரா மின் கட்டணத்தைக் கட்ட மறுத்தார். இத்தாலி மின் நிறுவனங்களை நாட்டுடைமையாக்கியதில் அவருக்குக் கோபம். அவற்றில் ஒன்றில் அவர் பங்குதாரரும்கூட. அது ரோம் ஒப்பந்தத்துக்கு முரண் என்று வாதாடினார். உள்ளூர்ச் சிறு நீதிமன்றம் ஒன்றிலிருந்து அந்தக் கேள்வி லக்ஸம்பர்க்கின் ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போனது. இத்தாலியின் அரசியலமைப்பு நீதிமன்றம் தங்கள் நாட்டுப் பிந்தைய சட்டமே செல்லும் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தது. லக்ஸம்பர்க் நீதிபதிகள் 1964 ஜூலை 15 அன்று நேர்மாறாகத் தீர்ப்பளித்தார்கள்: ஐரோப்பியச் சட்டமும் உறுப்பு நாட்டின் சட்டமும் மோதினால் ஐரோப்பியச் சட்டமே மேல். எந்த ஒப்பந்தத்திலும் அப்படி எழுதியிருக்கவில்லை.

இந்த நீதிமன்றத்துக்குப் போலீஸ் கிடையாது, சிறை கிடையாது. பிறகு எப்படிச் சட்டமாயிற்று? கீழ்நிலை நீதிபதிகளால். தங்கள் உச்ச நீதிமன்றத்தைச் சுற்றிக்கொண்டு நேராக லக்ஸம்பர்க்குக் கடிதம் போடலாம் என்பது ஒரு மாவட்ட நீதிபதிக்குக் கிடைத்த புது அந்தஸ்து. பதில் அவருடைய தீர்ப்பாக, அவர் நாட்டுத் தீர்ப்பாக வந்துவிடும். சொந்த நாட்டு நீதிமன்றத்தின் தீர்ப்பை எதிர்த்து எந்தப் பிரதமர் மேடையேறுவார்? தேசங்கடந்த அமைப்புகளின் வரலாற்றில் தலைவர்கள் தெரியாமல் தோற்ற ஆட்டம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். பின்னால் ஜெர்மன் அரசியலமைப்பு நீதிமன்றம் 2020இலும், போலந்துத் தீர்ப்பாயம் 2021இலும் முரண்டு பிடித்தன. போலந்துக்கு நாளொன்றுக்குப் பத்து லட்சம் யூரோ அபராதம் விழுந்த வழக்குகூட நீதிபதிகளைப் பற்றியதுதான்.

சரி, தலைவர்கள் இதை ஏன் தாங்கிக்கொண்டார்கள்? ஆலன் மில்வார்ட் என்ற பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் 1992இல் சொன்ன பதில் எனக்கு இன்றும் நெருக்கமானது. போரில் தோற்று, பிடிபட்டு, நொறுங்கிப்போன தேசிய அரசுகள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளவே இந்த ஏற்பாட்டைக் கட்டின என்றார். பெல்ஜியத்தின் நிலக்கரிச் சுரங்கங்களைப் பாருங்கள் என்று காட்டினார். நஷ்டத்தில் ஓடிய அந்தச் சுரங்கங்களை மூடினால் தொழிலாளர்கள் தெருவுக்கு வருவார்கள், அரசு கவிழும். எஃகு-நிலக்கரி சமூகத்தின் மூலம் ஜெர்மன், நெதர்லாந்து சுரங்கங்களிடமிருந்து வசூலித்த பணம் அவற்றைச் சில காலம் தாங்கிப் பிடித்தது. மேலே ஒரு அதிகாரத்தை ஏற்றுக்கொண்டதால் கீழே பெல்ஜிய அரசியல்வாதி பிழைத்தார். இறையாண்மையைக் கொடுத்து ஆட்சியை வாங்கிக்கொண்டார் என்று சொல்லலாம்.

இந்த வியாபாரத்தை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் 1974 டிசம்பரில் ஒரு படி மேலே போனார்கள். பிரெஞ்சு அதிபர் ழிஸ்கார் தெஸ்தாங் பாரிஸில் கூட்டிய மாநாட்டில், இனி ஆண்டுக்கு மூன்று முறை தலைவர்களே சந்திப்பது என்று முடிவானது. ஒப்பந்தத்தில் இல்லாத ஐரோப்பிய கவுன்சில் இப்படித்தான் பிறந்தது. முதல் கூட்டம் 1975 மார்ச்சில் டப்ளினில். இன்றைக்கு ஒன்றியத்தின் பெரிய முடிவு எதுவும் அதைத் தாண்டிப் போவதில்லை. தலைவர்கள் மட்டும் உள்ளே. தூதர்களும் ஆலோசகர்களும் வெளியே. உள்ளே நடப்பதை ஓர் அதிகாரி குறித்துக்கொண்டு அவ்வப்போது வெளியே வந்து, ஒவ்வொரு நாட்டுக்கும் ஒருவர் என்று காத்திருக்கும் இளநிலைத் தூதர்களுக்குச் சொல்வார். அவர்களுக்கு 'ஆந்திச்சி' என்று பெயர். அந்த முறையைத் தொடங்கிய இத்தாலியத் தூதரின் பெயர் அது. ஒருவர் பேசி, இன்னொருவர் கேட்டு, மூன்றாமவர் எழுதி, நான்காமவர் தன் தலைநகருக்குத் தொலைபேசியில் சொல்வது. ஒரு கண்டத்தின் அரசியல் பல ஆண்டுகள் இந்தக் காதுவழிச் செய்தியில் ஓடியிருக்கிறது.

பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சர் இந்த அறையில் பத்தாண்டுக்கு மேல் உட்கார்ந்தவர். அவர் பிரஸ்ஸல்ஸின் எதிரி என்பது பிற்காலத்தில் தைத்த சட்டை. 1984இல் ஃபோந்தேன்ப்ளோவில் பிரிட்டன் கட்டும் நிகரத் தொகையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்ப வாங்கினார். ஐந்து ஆண்டு நச்சரிப்பின் பலன் அது. அடுத்த ஆண்டு மிலான் மாநாட்டில் ஒப்பந்தத்தைத் திருத்த ஒரு மாநாடு கூட்டலாமா என்ற பேச்சு வந்தது. தலைமை வகித்த இத்தாலியப் பிரதமர் பெத்தீனோ கிராக்ஸி, யாரும் எதிர்பாராமல், வாக்கெடுப்பு நடத்தினார். ஏழுக்கு மூன்று. பிரிட்டன், டென்மார்க், கிரீஸ் தோற்றன. தலைவர்கள் அறையில் வாக்கெடுப்பா என்று தாட்சர் கொதித்தார். ஆனாலும் வெளிநடப்பு செய்யவில்லை. காரணம், அவருக்கு ஒற்றைச் சந்தை வேண்டும். தடையில்லா வணிகத்துக்காகச் சுமார் முந்நூறு சட்ட மாற்றங்களைப் பட்டியலிட்டவரே அவர் அனுப்பிய ஆணையர் காக்ஃபீல்டு பிரபுதான். ஒரே நாடு தடுக்கக்கூடிய வீட்டோ இருக்கும்போது முந்நூறையும் நிறைவேற்ற முடியாது. எனவே சந்தை விஷயங்களில் பெரும்பான்மை வாக்கை அனுமதித்த ஒற்றை ஐரோப்பியச் சட்டத்தில் அவர் அரசு கையெழுத்திட்டது. 1987 ஜூலையில் அது நடைமுறைக்கு வந்தது. லக்ஸம்பர்க் சமரசத்தைப் புதைத்ததில் டி கோலின் பெரிய வாரிசான தாட்சருக்கே பங்குண்டு. காக்ஃபீல்டு அளவுக்கு மீறி பிரஸ்ஸல்ஸ்காரர் ஆகிவிட்டார் என்று அடுத்த முறை அவரை அனுப்பவில்லை. 1990 நவம்பரில் தாட்சர் பதவி இழந்ததற்கு உடனடித் தூண்டுதலும் ஐரோப்பா பற்றிய சண்டையில் அவருடைய துணைப் பிரதமர் ஜெஃப்ரி ஹவ் விலகியதுதான்.

தலைவர்கள் ஏன் இப்படி இரண்டு வேடம் கட்டுகிறார்கள் என்பதற்கு ராபர்ட் புட்னம் 1988இல் ஒரு விளக்கம் தந்தார். தலைவர் ஒரே நேரத்தில் இரண்டு பலகையில் ஆடுகிறார். வெளிமேசையில், என் நாடாளுமன்றம் விடாது என்று சொல்லிப் பேரம் பேசலாம். வீட்டுக்கு வந்து, அவர்கள் விடவில்லை, நான் என்ன செய்ய என்று கையை விரிக்கலாம். இரண்டு பலகையையும் ஒருசேரப் பார்ப்பவர் அவர் ஒருவர்தான். மாநாடு முடிந்ததும் ஒவ்வொரு தலைவரும் தன் நாட்டுக்கென்று ஒதுக்கிய அறையில் தன் மொழியில் தன் பத்திரிகையாளர்களிடம் பேசுகிறார். முடிவறிக்கை ஒன்று, வெற்றிகள் இருபத்தேழு. கசப்பான முடிவென்றால் பழி மட்டும் பிரஸ்ஸல்ஸுக்கு. வாழைப்பழம் வளையக்கூடாது என்று பிரஸ்ஸல்ஸ் சட்டம் போட்டதாக பிரிட்டனில் பல ஆண்டுகள் சிரித்தார்கள். 1994இல் வாழைப்பழத் தர விதி ஒன்று வந்தது உண்மை. மற்ற விதிகளைப் போலவே இதுவும் உறுப்பு நாடுகளின் ஆட்கள் உட்கார்ந்து பார்த்த விதி என்பதை யாரும் சொல்லவில்லை. நாற்பது ஆண்டு பழிபோட்ட பிறகு, இப்போது ஒன்றியத்திலேயே இருந்துவிடலாம் என்று பிரிட்டிஷ் பிரதமர் டேவிட் கேமரன் 2016 பொது வாக்கெடுப்பில் மக்களிடம் கேட்டார். 51.9 சதவீதம் பேர் அவர்கள் இத்தனை நாள் கேட்டு வளர்ந்ததையே திருப்பிச் சொன்னார்கள்.

இங்கே ஒரு திருத்தம் தேவை. பணத்தைத் தொட்டதும் இந்தச் சுகமான ஏற்பாடு எல்லோருக்கும் சுகமாக இருக்கவில்லை. யூரோ நாணயத்தில் சேர்ந்தவர்கள் பற்றாக்குறையை 3 சதவீதத்துக்குள் வைக்க வேண்டும் என்பது விதி. 2003 நவம்பரில் அதை மீறி நின்றவை ஜெர்மனியும் பிரான்ஸும். நிதியமைச்சர்கள் கூடி நடவடிக்கையை நிறுத்திவைத்தார்கள். மாமியார் உடைத்தால் மண்குடம். 2009 அக்டோபரில் ஏதென்ஸில் புதிதாக வந்த பாப்பாண்ட்ரேயு அரசு, பற்றாக்குறை முன்பு சொன்னதைவிடப் பல மடங்கு என்று ஒப்புக்கொண்டது. அது பொன்குடம்.

2010 மே மாதத்தில் கிரீஸுக்கு 11,000 கோடி யூரோ கடன். கூடவே சம்பள வெட்டு, ஓய்வூதிய வெட்டு. 2011 அக்டோபர் 31 அன்று பாப்பாண்ட்ரேயு அடுத்த கடன் ஏற்பாட்டைப் பொது வாக்கெடுப்புக்கு விடப்போவதாக அறிவித்தார். இரண்டு நாளில் அவரைக் கான் நகருக்கு வரவழைத்தார்கள். அங்கே ஜெர்மன் சான்சலர் மெர்கெலும் பிரெஞ்சு அதிபர் சார்கோஸியும் சொன்னது எளிமையானது: யூரோவில் இருப்பதா போவதா என்று வேண்டுமானால் கேளுங்கள், அதுவரை 800 கோடி யூரோ தவணை கிடையாது. வாக்கெடுப்பு போயிற்று, சில நாளில் பிரதமரும் போனார். ஐரோப்பிய மத்திய வங்கியின் முன்னாள் துணைத் தலைவர் பாப்பாதேமோஸ் வந்தார். அதே வாரம் ரோமில் பெர்லுஸ்கோனி போய் முன்னாள் ஐரோப்பிய ஆணையர் மரியோ மோன்டி வந்தார்.

இத்தாலிக்கு ஆகஸ்ட் 5 அன்றே ஒரு கடிதம் வந்திருந்தது. மத்திய வங்கியின் தலைவர் த்ரிஷேயும், அடுத்து அந்தப் பதவிக்கு வரவிருந்த இத்தாலியர் திராகியும் கையெழுத்திட்டது. ஓய்வூதிய விதியை மாற்று, ஆட்குறைப்பைச் சுலபமாக்கு, உள்ளாட்சிச் சேவைகளைத் தனியாருக்குத் திற என்றதோடு நிற்கவில்லை. இவற்றை அவசரச் சட்டமாகப் போட்டு, செப்டம்பர் முடிவுக்குள் நாடாளுமன்றத்தில் நிறைவேற்றிக்கொள்ளலாம் என்று வழிமுறையும் சொன்னது. வட்டி விகிதம் நிர்ணயிக்கும் வங்கி ஒன்று ஒரு நாட்டின் அமைச்சரவைக்கு நிகழ்ச்சிநிரல் எழுதித் தந்தது அது. செப்டம்பர் இறுதியில் ஒரு செய்தித்தாள் அதை வெளியிட்டபோதுதான் அதன் முழு வாசகம் வாக்காளர்களுக்கே தெரிந்தது.

இரண்டாவது நாற்காலி கிரேக்கப் பிரதமர் அலெக்ஸிஸ் சிப்ராஸுடையது. 2015 ஜனவரியில் வென்றார்; ஜூலை 5 அன்று கடன் நிபந்தனைகளை மக்கள் முன் வைத்தார். 61 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். வங்கிகள் மூடிக்கிடந்த வாரம் அது. ஏடிஎம் வாசலில் வரிசை. நாளொன்றுக்கு 60 யூரோதான் எடுக்கலாம். ஒரு வாரம் கழித்து, ஜூலை 12 மாலை தொடங்கிய யூரோ நாடுகளின் மாநாடு மறுநாள் காலை வரை 17 மணி நேரம் நடந்தது. கிரேக்க அரசுச் சொத்துகளை விற்று 5,000 கோடி யூரோ திரட்டும் நிதியம் எங்கே இருப்பது, அதில் எவ்வளவு கிரீஸுக்கு என்பதில் பேச்சு முறிந்தது. விடியும் நேரத்தில் மெர்கெலும் சிப்ராஸும் கிளம்பத் தயாரானார்கள் என்றும், இந்த அறையை விட்டு நீங்கள் போக முடியாது என்று ஐரோப்பிய கவுன்சிலின் தலைவர் டொனால்ட் டஸ்க் மறித்துவிட்டார் என்றும் அப்போது செய்தி வந்தது. சிப்ராஸ் உட்கார்ந்தார், வாக்கெடுப்பில் மக்கள் மறுத்ததைவிடக் கடுமையான நிபந்தனைகளுக்கு ஒப்புக்கொண்டார். முக்கியமான மசோதாக்களை நாடாளுமன்றத்தில் வைப்பதற்கு முன் கடன் தந்த அமைப்புகளிடம் காட்டி ஒப்புதல் பெற வேண்டும் என்பதும் அவற்றில் ஒன்று.

ஆகஸ்டில் அதே கடன் இரண்டு நாடாளுமன்றங்களுக்குப் போனது. ஏதென்ஸில் ராத்திரி முழுக்க விவாதித்து, 14ஆம் தேதி காலையில் ஏற்றுக்கொண்டார்கள். பெர்லினில் 19ஆம் தேதி விவாதித்து அனுமதித்தார்கள். ஒன்று வாங்கலாமா என்று கேட்டது, மற்றது கொடுக்கலாமா என்று கேட்டது. சொந்த நாடாளுமன்றத்தைக் கேட்காமல் மெர்கெல் கையெழுத்திட முடியாது; அதையே காட்டி அவர் பேரம் பேசவும் முடிந்தது. புட்னமின் இரண்டு பலகை கடன் கொடுத்தவருக்குத்தான் வேலைசெய்தது. சிப்ராஸின் 61 சதவீதத்துக்கு அந்த அறையில் செலாவணி இல்லை. மற்ற பதினெட்டு பேரும் தங்களையும் மக்கள்தான் தேர்ந்தெடுத்தார்கள் என்றார்கள். அந்தப் பதிலில் நியாயமும் இருக்கிறது, அதுதான் சங்கடம்.

அயர்லாந்து அறிஞர் பீட்டர் மேர் இந்த நிலையைத்தான் கவலையோடு எழுதினார். கட்சிகள் ஆட்சியில் உட்காருகின்றன, ஆனால் ஆட்சியின் பெரும்பகுதி தேர்தலில் தொட முடியாத இடத்துக்குப் போய்விட்டது. தலைவர்கள் பொறுப்பாக நடக்கலாம், ஆனால் வாக்காளருக்குச் செவிசாய்க்க முடியாது என்றார். அவருடைய கணிப்பு என் கண்ணுக்குக் கொஞ்சம் இருட்டாகவே தெரிகிறது. டென்மார்க் வேறு வழியைக் காட்டியிருக்கிறது. அங்கே அமைச்சர் பிரஸ்ஸல்ஸ் போவதற்கு முன் வெள்ளிக்கிழமை நாடாளுமன்றக் குழுவின் முன் வந்து, இந்த விஷயத்தில் இதுதான் என் நிலை என்று சொல்ல வேண்டும். குழுவில் பெரும்பான்மை எதிர்க்காவிட்டால் அதுவே அவருக்கு ஆணை. அங்கே போய் நிலை மாறினால் திரும்பக் கேட்க வேண்டும். தூதர்களுக்கு எரிச்சலூட்டும் முறை. டென்மார்க்காரர்கள் அரைநூற்றாண்டாக விடாமல் வைத்திருக்கிறார்கள். மற்றத் தலைநகரங்களில் பல இதைப் பார்த்துப் பாராட்டியதோடு சரி. எந்தப் பிரதமருக்குத்தான் இரண்டு பலகையில் ஒன்றை அடுத்தவருக்குக் காட்டப் பிடிக்கும்?

ஆணையத் தலைவரைத் தேர்ந்தெடுத்த கதையும் இதே ரகம். 2014 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் கட்சிகள் வேட்பாளரை முன்கூட்டி அறிவித்தன. யுங்கர் அப்படி வந்தார். கேமரனும் ஓர்பானும் எதிர்த்தும் பலிக்கவில்லை. 2019இல் தலைவர்கள் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, எந்தச் சுவரொட்டியிலும் இல்லாத உர்சுலா ஃபொன் டெர் லெயனின் பெயரோடு வெளியே வந்தார்கள். 374 தேவைப்பட்ட இடத்தில் நாடாளுமன்றம் அவருக்கு 383 வாக்கு போட்டது. அடுத்த ஆண்டு பெருந்தொற்றில் அதே தலைவர்கள் நான்கு பகல் நான்கு இரவு உட்கார்ந்து 75,000 கோடி யூரோவை ஆணையத்தின் பெயரில் கடனாகத் திரட்ட ஒப்புக்கொண்டார்கள். அதில் 39,000 கோடி திரும்பக் கேட்காத மானியம். யூரோ நெருக்கடியில் கனவிலும் நினைக்க முடியாதது. மேலிருக்கும் அமைப்பு அன்று வளர்ந்தது, வளர்த்தவர்கள் அவர்களே.

மூன்றாவது நாற்காலிக்கு, காபி குடிக்கப் போனவருக்கு, திரும்ப வருகிறேன். டி கோல் எழுந்து போனபோது ஆறு பேரில் ஒருவர். அவரில்லாமல் வண்டி நகரவில்லை. ஓர்பான் எழுந்து போனால்தான் வண்டி நகரும் என்ற நிலை. இதை வைத்து ஓர்பான் தோற்றார் என்று பலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அறைக்குள் முடிவு நடந்தது, ஊரில் அவர் கை சுத்தம். முதல் நாள் விடுவித்த பணமும் கையில். வீட்டோவை வீட்டோவாகப் பயன்படுத்தியவர் டி கோல். அதைச் சில்லறையாக மாற்றத் தெரிந்தவர் ஓர்பான்.

தடுத்து வைத்த 5,000 கோடிக்காக 2024 பிப்ரவரி 1 அன்று தலைவர்கள் மறுபடி கூடினார்கள். கூட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே உடன்பாடு. ஓர்பான் இந்த முறை இருக்கையிலேயே இருந்தார். அன்று காலை நகரத்துக்குள் நுழைந்தவர்களுக்கு அது பெரிய செய்தியாக இருந்திருக்காது. ஆயிரம் டிராக்டருக்கு மேல் ஹாரன் அடித்தபடி தெருக்களை அடைத்து நின்றன. ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் எதிரே இருக்கும் சதுக்கத்தில் விவசாயிகள் தீ மூட்டினார்கள், கட்டடத்தின் மேல் முட்டை எறிந்தார்கள், அங்கிருந்த சிலை ஒன்றைக் கீழே சாய்த்தார்கள். டீசல் விலை, இறக்குமதித் தானியம், பூச்சிமருந்து விதி என்று ஒவ்வொருவருக்கும் ஒரு புகார். ஆணையத்தின் அலுவலகங்கள் வருஷம் முழுக்க பிரஸ்ஸல்ஸில்தான் இருக்கின்றன. அவர்கள் டிராக்டரை ஓட்டி வரத் தேர்ந்தெடுத்தது, தங்கள் பிரதமர்கள் ஊருக்கு வந்திருந்த நாளை. ஐந்து நாள் கழித்து ஃபொன் டெர் லெயன் பூச்சிமருந்து மசோதாவைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார்.